பக்கத்து வீட்டு கேமரா எங்க வாசலப் பாக்குது, சிங்கப்பூர் அரசியல் சட்டத்துல பிரைவசிக்கு இடம் இருக்கா?

செங்காங்_கோலம்:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமாதான் இருக்கும், பொறுமையா படிங்க. எங்களுக்கு செங்காங்ல நாலு ரூம் எச்டிபி வீடு, அதான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தோட அடுக்குமாடி. காரிடார் மூலையில எல் மாதிரி திரும்புற இடத்துல எங்க கதவும் பக்கத்து வீட்டு கதவும் கிட்டத்தட்ட ஒன்னையொன்னு பாத்துக்கிட்டு இருக்கும். பக்கத்து வீட்டு அங்கிள் தனியா இருக்காரு, நல்ல மனுஷன், தீபாவளிக்கு முறுக்கு குடுத்தா சீனப் புத்தாண்டுக்கு ஒரு பை ஆரஞ்சு வந்துடும். ஆறு மாசத்துக்கு முன்னாடி ஷூ ரேக்ல இருந்து செருப்பு காணாம போகுதுன்னு கேட்டுக்கு மேல ஒரு கேமரா மாட்டினாரு, வெள்ளையா உருண்டையா, ராத்திரியில சின்னதா ஒரு செவப்பு லைட் எரியும். சரி போகட்டும்னு விட்டுட்டோம்.

போன மாசம் எங்க மாடியில ரெண்டு சைக்கிள் திருட்டு போச்சு, போலீஸ் வந்து வீடு வீடா கேட்டாங்க, அங்கிள் தன்கிட்ட இருந்த ரெக்கார்டிங் மொத்தத்தையும் குடுத்துட்டாரு. அதுல எனக்கு ஒன்னும் இல்ல, திருடன புடிக்கணும்தான. ஆனா அன்னிக்கு சாயந்திரம் லிப்ட் கிட்ட நின்னுக்கிட்டு சிரிச்ச முகமாதான் சொல்றாரு, "உங்க மாமியார் தினம் மூணே காலுக்கு கீழ போறாங்க, நாலரைக்கு வந்துடறாங்க, உங்க மக செவ்வாய்க்கிழமை மட்டும் லேட்டு"ன்னு. எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. போன்ல காட்டவும் செஞ்சாரு. எங்க கதவு தொறந்தா உள்ள சாமி மாடத்துல எரியுற விளக்கு வரைக்கும் தெரியுது. அத்தை காலையில நைட்டியோட குனிஞ்சு கோலம் போடுறது அப்படியே இருக்கு.

வீட்டுக்காரரோட தம்பி திருச்சியில இருக்காரு, அவர்கிட்ட சொன்னா, "அண்ணி, பிரைவசி அடிப்படை உரிமை, ஒன்பது ஜட்ஜ் உக்காந்து தீர்ப்பு சொல்லியாச்சு, கேஸ் போடுங்க"ங்கறாரு. இவரு என்னடான்னா, "அது அந்த ஊரு சட்டம், இங்க பாதுகாப்புதான் முதல்ல, விடு"ங்கறாரு. ரெண்டு பேர்ல யாரு சொல்றது சரி? நம்ம அரசியல் சட்டத்துல இது இருக்கா இல்லையா? பிடிபிஏன்னு தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு ஒரு சட்டம் இருக்கே அது எதுக்கு? போலீஸ் எடுத்துட்டுப் போன வீடியோவுல எங்க அத்தையும் என் மகளும் இருக்காங்களே, அது என்ன ஆகும்?

---

காப்பிஓ_கொசோங்:

அக்கா, நான் வக்கீல் இல்ல, வக்கீல் ஆபீஸ்ல பதினோரு வருஷமா பைல் தூக்குறவன், அதனால இத காப்பிக்கடை பேச்சா எடுத்துக்கோங்க.

உங்க கொழுந்தனார் சொல்றது அவரு ஊருக்கு சரிதான். 2017 ஆகஸ்ட் 24, புட்டசாமி வழக்கு, இந்திய உச்ச நீதிமன்றத்துல ஒன்பது ஜட்ஜும் கருத்து வேறுபாடே இல்லாம சொன்னாங்க, அரசியல் சட்டம் பிரிவு 21ல உயிர், தனிமனித சுதந்திரம்னு இருக்குல்ல, அதுக்குள்ளயே பிரைவசி அடங்கியிருக்குன்னு. ஏன் ஒன்பது பேர்னா, 1954ல எட்டு ஜட்ஜும் 1962ல ஆறு ஜட்ஜும் அப்படி ஒரு உரிமை கிடையாதுங்கற மாதிரி எழுதி வச்சுட்டாங்க, அத தாண்டணும்னா அத விட பெரிய பெஞ்ச் வேணும். நடுவுல நம்ம ஆளுங்களுக்கு நல்லா தெரிஞ்ச கேஸ் ஒன்னு, 1994, ஆட்டோ சங்கர் ஜெயில்ல இருந்து எழுதின தன் கதைய நக்கீரன் போடப் போறாங்கன்னதும் அதிகாரிங்க தடுக்கப் பாத்தாங்க. அந்த தீர்ப்புல பிரைவசி பிரிவு 21ல இருக்கு, மனுஷன அவன் பாட்டுக்கு விட்டுடறதுதான் அதுன்னு சொன்னாங்க, ஆனா கோர்ட் ரெக்கார்டுல இருக்குற விஷயத்த எழுத யார் சம்மதமும் வேணாம், அரசாங்கம் முன்கூட்டியே தடை போடவும் முடியாதுன்னும் சேத்தே சொன்னாங்க.

இப்ப நம்ம ஊரு. பிரிவு 9(1), சட்டப்படி அல்லாம யாரோட உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது, அவ்வளவுதான் வாசகம். அடிப்படை உரிமைங்க 9ல இருந்து 16 வரைக்கும், பூதக்கண்ணாடி வச்சு தேடினாலும் பிரைவசின்னு ஒரு வார்த்தை கிடைக்காது. சரி, இந்தியாவுல செஞ்ச மாதிரி அந்த 'தனிமனித சுதந்திரத்துக்குள்ள' இருந்து எடுக்கலாமேன்னு, ஆண்களுக்குள்ள உறவ குற்றமாக்கி இருந்த 377ஏ பிரிவ எதிர்த்த வழக்குல கேட்டுப் பாத்தாங்க. 2014 அக்டோபர்ல மேல்முறையீட்டு நீதிமன்றம் முடியாதுன்னுடுச்சு. அந்த வார்த்தைக்கு அர்த்தம் உங்கள சட்டத்துக்குப் புறம்பா புடிச்சு அடைச்சு வைக்கக் கூடாதுங்கறது, அதுக்கு மேல இழுக்காதீங்க, பிரைவசி வேணும்னா மத்த சட்டம் வழியா வளரட்டும்னு.

இதுல எனக்கு எப்பவும் வேடிக்கையா இருக்குற விஷயம் கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு. மலேசியா அரசியல் சட்டம் பிரிவு 5(1) எடுத்துப் பாருங்க, நம்ம 9(1) வாசகமேதான், நாம அங்க இருந்துதான் கொண்டு வந்தோம். அவங்க கூட்டரசு நீதிமன்றம் 2009ல தனிமனித சுதந்திரத்துல பிரைவசியும் சேத்திதான்னு எழுதிடுச்சு. அதே வரி, பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜொகூர்ல ஒரு அர்த்தம், இந்தப் பக்கம் உட்லண்ட்ஸ்ல ஒரு அர்த்தம். அதனால உங்க வீட்டுக்காரர் சொன்னது முடிவு சரி, ஆனா காரணம் 'பாதுகாப்பு முதல்ல'ன்னு எழுதி வச்சிருக்கறது இல்ல, கோர்ட் அந்த வார்த்தைய இறுக்கிப் படிச்சதுதான்.

பிடிபிஏ பத்தி கேட்டீங்க. 2012ல பாஸ் ஆன சட்டம், முக்கியமான பகுதி 2014 ஜூலை 2ல இருந்து அமல். கம்பெனிக்காரன், கடைக்காரன், டியூஷன் சென்டர், காண்டோ நிர்வாகம் இவங்களுக்கெல்லாம் கடிவாளம். ஆனா ஒருத்தர் தன் சொந்த வீட்டு விஷயத்துக்காக செய்யறது அதுல வராது, அரசாங்க அமைப்புகளும் வராது. உங்க கதையில இருக்குறது யாரு? ஒன்னு அங்கிள், ரெண்டு போலீஸ். ரெண்டு பேருமே வேலிக்கு வெளிய நிக்கறாங்க!

அதுக்காக கைய கட்டிக்கிட்டு உக்கார வேணாம். 2023 மே மாசத்துல இருந்து டவுன் கவுன்சில் அனுமதி இல்லாமலே வீட்டுக்கு வெளிய காரிடார் கேமரா மாட்டலாம், ஆனா அடுத்த வீட்டு கதவையோ ஜன்னலையோ பாத்த மாதிரி வைக்கக் கூடாதுன்னு எச்டிபி நிபந்தனை இருக்கு. முதல்ல அத சொல்லுங்க. கேக்கலன்னா சமூக சமரச நிலையம். அதுக்கும் மேல போகணும்னா 2015ல வந்த அண்டை வீட்டுத் தகராறு சட்டம், அதுல சத்தம், நாத்தம், குப்பையோட சேத்து பக்கத்து வீட்ட கண்காணிக்கிறதையும் ஒரு தொந்தரவா எழுதியே வச்சிருக்காங்க. அரசியல் சட்டம் தராதத ஒரு சாதாரண தகராறு சட்டம் தருது, அதுதான் நம்ம ஊரு.

---

பொங்கோல்_டாக்சி:

தங்கச்சி, உன் கோவம் புரியுது, ஆனா நான் எதிர்ப்பக்கம் பேசறேன், கோச்சுக்காத.

எங்கம்மாவுக்கு மறதி நோய். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு நாள் நைட் ஷிப்ட் முடிச்சு ரெண்டு மணிக்கு வந்து பாத்தா கேட் தொறந்து கிடக்கு, அம்மா இல்ல. 999 அடிச்சேன். வந்த போலீஸ்கார பையன், ஒரு இருபத்தஞ்சு வயசு இருக்கும், என்ன சேலை, என்ன செருப்புன்னு கேக்குறான். எனக்கு கை நடுங்குது, ஷூ ரேக்க பாத்தா ஒரு நீலச் செருப்பு கிடக்கு, எங்கப்பாவோட பழைய கருப்புச் செருப்புல ஒன்னு இல்ல. அதாவது வலது கால்ல ஒன்னு இடது கால்ல ஒன்னா மாட்டிக்கிட்டு கிளம்பியிருக்காங்க. லிப்ட் கேமராவுல, அப்புறம் கீழ கார்பார்க் கேமராவுல, அப்புறம் பஸ் ஸ்டாப் பக்கம்னு ஒவ்வொன்னா பாத்து பாத்து போயி அஞ்சரை மணிக்கு பஸ் இன்டர்சேஞ்ச் பெஞ்சுல உக்காந்திருந்தாங்க, ஜோடி இல்லாத செருப்போட. எங்கப்பா வருவாருன்னு காத்துக்கிட்டு இருந்தாங்களாம். அவரு போயி பதினாலு வருஷம் ஆச்சு.

போலீஸ் கேமரா 2012ல மாட்ட ஆரம்பிச்சாங்க, 2021லயே நாடு முழுக்க 90,000க்கு மேல ஆச்சு, அத 200,000க்கு மேல கொண்டு போறோம்னு அமைச்சர் சண்முகம் சொன்னாரு. போடட்டும், நான் கை தட்டுறேன். நான் தப்பு பண்ணல, எனக்கு என்ன பயம். பிரிவு 9, பிரிவு 21 இதெல்லாம் எங்கம்மாவ தேடிக் குடுக்குமா?

---

பிட்டும்_பைட்டும்:

அங்கிள், உங்க கதைய படிச்சதும் ஒரு நிமிஷம் போன கீழ வச்சுட்டேன். அந்த போலீஸ்காரருக்கு ஒரு சல்யூட்.

ஆனா ஒன்னு சொல்றேன். உங்க கேஸ்ல தேடினது ஒரு ராத்திரி, ஒரு ஆளு, நீங்களே கூப்புட்டு கேட்டீங்க. அக்கா பயப்படுறது வேற. "தினம் மூணே காலு", "செவ்வாய்க்கிழமை லேட்டு". ஒரு நாள் வீடியோவுல இது தெரியாது, மாசக்கணக்கா சேத்து வச்சாதான் தெரியும். அமெரிக்காவுல 2018ல கார்ப்பென்டர்னு ஒரு கேஸ், கொள்ளை விசாரணைக்காக ஒருத்தரோட போன் டவர் டேட்டா 127 நாளுக்கு வாங்கியிருந்தாங்க, அவரு எங்கெங்க இருந்தாருன்னு 12,898 புள்ளி. தெருவுல நடக்கறத யாரு வேணா பாக்கலாம், அது ரகசியம் இல்ல, ஆனா இத்தன நாளா கோத்து மாலையாக்கினா அது ஒரு மனுஷனோட முழு வாழ்க்கை, அதுக்கு நீதிபதிகிட்ட வாரன்ட் வாங்கிட்டு வாங்கன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. அதுவும் 5க்கு 4, நூலிழை. 'தப்பு பண்ணலன்னா பயம் இல்ல'ங்கறது உங்களுக்கு சரி அங்கிள், ஆனா அக்காவோட அத்தை மட்டும் என்ன தப்பு பண்ணாங்க, மூணே காலுக்கு கீழ போயி பேச்சுத் துணை தேடினது தவிர?

இன்னொன்னு, நான் வாங்கிக் கட்டிக்கிட்டது. 2020 மார்ச் 20 கோவிட் தொடர்ப கண்டுபிடிக்க ட்ரேஸ்டுகெதர் ஆப் வந்துச்சுல்ல, நான் ஐடி ஆளுங்கறதால எங்க ப்ளாக்ல பெரியவங்க எல்லாருக்கும் நாந்தான் போட்டுக் குடுத்தேன். ப்ளாக்குக்கு கீழ வாய்ட் டெக்ல மேசை போட்டு உக்காந்து, "பாட்டி, இது ப்ளூடூத், நீங்க எங்க போறீங்கன்னு பாக்காது, யாரு பக்கத்துல இருந்தீங்கன்னு மட்டும் குறிச்சு வைக்கும், 25 நாள்ல அழிஞ்சுடும், கோவிட் வந்தா மட்டும்தான் எடுப்பாங்க"ன்னு வாய் வலிக்க சொன்னேன். நான் சொன்னது பொய் இல்ல, 2020 ஜூன்ல அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணனும் தொற்றுத் தொடர்புகள கண்டுபிடிக்க மட்டும்தான்னு அதையேதான் சொன்னாரு.

2021 ஜனவரி 4, பார்லிமென்ட்ல ஒரு கேள்விக்குப் பதிலா, குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி போலீஸ் அந்த டேட்டாவையும் கேட்டு வாங்கலாம்னு உள்துறை சார்புல சொல்லிட்டாங்க. அதே நாள் வெப்சைட்ல இருந்த பிரைவசி வாசகமும் மாறிடுச்சு. அடுத்த நாள் டாக்டர் விவியன் பாலகிருஷ்ணன் எழுந்து, முன்னாடி அப்படி சொன்னப்ப இந்த சட்டம் என் நெனப்புலயே இல்லன்னு ஒத்துக்கிட்டாரு, அத பாராட்டணும், எத்தன பேரு அப்படி சொல்லுவாங்க. ஒரு கொலை வழக்குல ஏற்கனவே பயன்படுத்தியும் இருந்தாங்க. அன்னிக்கு சாயந்திரம் லிப்ட்ல எட்டாவது மாடி பாட்டி என்னைய பாத்த பார்வை இருக்கே. ஒன்னும் கேக்கல, ஆப்புக்கு பதிலா குடுத்த அந்த சின்ன ட்ரேஸ்டுகெதர் டோக்கன பைக்குள்ள தள்ளிட்டு ஜிப்ப இழுத்து மூடினாங்க.

கவனிக்க வேண்டியது, யாரும் கோர்ட்டுக்கு போயி பிரிவு 9ன்னு வாதாடல, வாதாடியும் புண்ணியம் இல்லன்னு கொசோங் ப்ரோ மேல சொல்லிட்டாரு. ஜனங்க முணுமுணுத்தாங்க, கேள்வி கேட்டாங்க, ஒரே மாசத்துல, பிப்ரவரி 2, அவசர மசோதா பாஸ் ஆச்சு. கொலை, பயங்கரவாதம், ஆள் கடத்தல், கடுமையான பாலியல் குற்றம், மரண தண்டனைக்குரிய போதைக் கடத்தல், ஆயுதம், ஆபத்தான ஆள் காவல்ல இருந்து தப்பிக்கிறதுன்னு ஏழு வகைக்கு மட்டும்தான் போலீஸ் அந்த டேட்டாவ தொடலாம், வேற எதுக்காவது எடுத்தா 20,000 வெள்ளி வரைக்கும் அபராதம் இல்ல ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். சைக்கிள் திருட்டுக்கு தொட முடியாது! அக்கா, கேமரா வீடியோவுக்கு அப்படி ஒரு வேலி இல்ல, அதான் வித்தியாசம். 2023 பிப்ரவரியில அந்த சிஸ்டத்தையே மூடினாங்க, நான் எங்க வீட்டு அஞ்சு டோக்கனையும் கம்யூனிட்டி கிளப்புல கொண்டு போயி பொட்டியில போட்டேன். அந்த பாட்டி இன்னும் வச்சிருக்காங்க, பேரப்புள்ள வெளையாடுது.

---

துவாஸ்_மன்னார்குடி:

அண்ணே எல்லாரும் சிட்டிசன், பிஆர் கதை பேசறீங்க, ஒர்க் பெர்மிட் காரன் நானும் கேக்கலாமா. துவாஸ் பக்கம் டார்ம்ல, அதான் தொழிலாளர் விடுதியில, ஒம்போது வருஷம். பிட்டும் அண்ணே சொன்ன டோக்கன் உங்களுக்கு பையில இருந்துச்சு, எங்களுக்கு கழுத்துல, வேலை செய்யும்போதும் தனியா ஒன்னு குடுத்து மாட்டிக்க சொன்னாங்க, வெல்டிங் அடிக்கறப்ப அது நெஞ்சுல முட்டிக்கிட்டே இருக்கும். போன்ல ஒரு ஆப் பச்சை காட்டினா வேலைக்கு போலாம், செவப்பு காட்டினா ரூம்லயே இருக்கணும். ஏன் செவப்புன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, மேனேஜர்கிட்ட கேட்டா "சிஸ்டம் தம்பி"ம்பாரு. 2022 ஜூன் வரைக்கும் வெளிய போகணும்னா எக்ஸிட் பாஸ், அதுக்கப்புறம் அத எடுத்துட்டு ஞாயித்துக்கிழமை, லீவு நாள்ல தேக்கா, சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட் இந்த நாலு இடத்துக்கு மட்டும் பாஸ், ஒரு நாளைக்கு 80,000 பேருக்குன்னு வச்சாங்க. நோய் பரவிச்சு, டார்ம்ல நெருக்கடி, புரியுது, எங்க ரூம்லயே நாலு பேருக்கு வந்துச்சு, நல்லா பாத்துக்கிட்டாங்க, சோறு தண்ணி குறையில்ல, அதையும் சொல்லணும். ஆனா தேக்காவுக்கு போயி ஒரு டீ குடிக்கறதுக்கு புக் பண்ணணும்னா மனசு ஒரு மாதிரி ஆகும்ல.

என் சந்தேகம் ரெண்டு. ஒன்னு, இந்த பிரிவு 9ல்லாம் எங்களுக்கும் உண்டா, இல்ல உங்களுக்கு மட்டுமா? ரெண்டு, போன வருஷம் எங்க சூப்பர்வைசர் எல்லார் மெடிக்கல் ரிசல்ட்டையும் ஒரே லிஸ்ட்டா வாட்ஸாப் குரூப்புல போட்டுட்டாரு, யாருக்கு சுகர் யாருக்கு பிரஷர்னு பேரோட. எனக்கு சுகர். அன்னிலேந்து ரூம்ல என் பேரு 'ஜிலேபி'. சிரிச்சிக்கிட்டேதான் கூப்புடறாங்க, நானும் சிரிக்கறேன், ஊர்ல பொண்ணு பாக்குறாங்க, அங்க இந்த சேதி போயிடுச்சுன்னா என்ன பண்றதுன்னு தூக்கம் வரல. இதுவும் பிரைவசிதானே? இதுக்கும் பாதுகாப்புன்னுதான் சொல்றாரு, ஒயரத்துல வேலை செய்யறவன் உடம்பு எல்லாருக்கும் தெரியணுமாம்.

---

காப்பிஓ_கொசோங்:

தம்பி, இந்த திரியிலயே நல்ல கேள்வி உன்னோடதுதான்.

முதல் சந்தேகம். பிரிவு 9 'எந்த நபரும்'னு ஆரம்பிக்குது, பிரிவு 12 சமத்துவம், அதுவும் 'எல்லா நபர்களும்'. நபர்னா நீயும்தான், பெர்மிட் கலரெல்லாம் பாக்காது. ஆனா நாட்டுக்குள்ள இஷ்டத்துக்கு போய் வர்ற உரிமை பிரிவு 13, பேச்சு, கூட்டம் பிரிவு 14, ரெண்டும் 'குடிமக்களுக்கு'ன்னு இருக்கு. தேக்கா பாஸ் சமாச்சாரம் 13 பக்கம் வர்ற விஷயம், அதான் அங்க உனக்கு பிடிமானம் இல்ல.

ரெண்டாவது, வாட்ஸாப் லிஸ்ட். இங்கதான் வேடிக்கை, அரசியல் சட்டத்த வச்சு பாத்தா உனக்கு கம்மி, ஆனா இந்த விஷயத்துல செங்காங் அக்காவ விட உன் கைதான் ஓங்கியிருக்கு. சூப்பர்வைசர் கம்பெனி ஆளு, கம்பெனிக்கு பிடிபிஏ பொருந்தும், வேலைக்காரன் வெளிநாடா உள்நாடான்னு அந்த சட்டம் கேக்காது. ஒயரத்துல ஏற தகுதி இருக்கா இல்லையான்னு சேப்டி ஆபீசருக்கு தெரியறது நியாயம், குரூப்புல இருக்குற அத்தன பேருக்கும் எதுக்கு தெரியணும்? மூட்டைப்பூச்சிக்கு பயந்து வீட்டக் கொளுத்தின கதைதான். அந்த சட்டத்த கவனிக்கிற ஆணையம் பிடிபிசிகிட்ட ஆன்லைன்லயே புகார் குடுக்கலாம். கோர்ட்டுக்கும் போகலாம், பணம் நஷ்டமானாதான் கேஸ்னு இல்ல, மனசு உளைச்சலும் நஷ்டம்தான்னு 2022ல மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிடுச்சு. முதல்ல அந்த மெசேஜ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வை, தேதி தெரியற மாதிரி. வேலை போயிடுமோன்னு பயம் இருந்தா தனியா ஒரு மெசேஜ் போடு, தொழிலாளர் உதவி அமைப்புங்க எங்க இருக்குன்னு சொல்றேன்.

இப்ப டாக்சி அண்ணனுக்கு. அண்ணே, பாதுகாப்பா பிரைவசியான்னு பட்டிமன்றம் வச்சா நானும் உங்க அணியிலதான் உக்காருவேன், உங்கம்மா கதைக்கு எதிரா யாரு பேசுவா. ஆனா இந்தியாவுல 2018 ஆதார் தீர்ப்ப எடுத்துக்கோங்க, 4க்கு 1. ஆதார் வேணாம்னு சொல்லல, மானியத்துக்கு வச்சுக்கோ, வருமான வரிக்கும் வச்சுக்கோன்னாங்க. பேங்க் அக்கவுண்டுக்கும் சிம்முக்கும் கட்டாயம்னது செல்லாதுன்னாங்க. தேசப் பாதுகாப்புன்னு சொல்லி ஒரு இணைச் செயலாளர் கையெழுத்துல டேட்டா எடுக்கலாம்னு ஒரு பிரிவு இருந்துச்சு, அத தூக்கிட்டாங்க, இன்னும் பெரிய அதிகாரி பாக்கணும், அவரோட ஒரு நீதித்துறை ஆளும் உக்காந்து பாக்கணும்னு. பாதுகாப்புக்காக எடுக்கலாமாங்கறது அங்க கேள்வியே இல்ல, எடுக்கறதுக்கு முன்னாடி எடுக்கறவன் அல்லாத இன்னொரு ஜோடி கண்ணு பாக்குதா, தேவைக்கு மேல அள்ளறாங்களா, அதுதான் கேள்வி. நம்ம ஊர்ல போலீஸ் அதிகாரியே எழுத்துல உத்தரவு குடுத்து ஆவணம் கேக்கலாம், குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 20, ட்ரேஸ்டுகெதர்ல வந்ததும் இதே பிரிவுதான். தேவைக்கு மேல அள்ளினியான்னு எடை போடுற அந்த தராசு, 2005லயே ஹைகோர்ட் அது நம்ம சட்டத்துல கிடையாதுன்னு எழுதிடுச்சு.

அதுக்காக இந்தியாவ தலையில தூக்கி வச்சுக்கவும் மாட்டேன். தீர்ப்பு தங்கம்தான், அப்புறம் 2023ல அவங்க கொண்டு வந்த டேட்டா சட்டத்துல, நாட்டுப் பாதுகாப்பு, பொது ஒழுங்குன்னு சொல்லி எந்த அரசு அமைப்புக்கும் மத்திய அரசே அறிவிப்பு போட்டு விலக்கு குடுத்துக்கலாம். ஏட்டுல இருக்குற உரிமையும் வீட்டு வாசல் வரைக்கும் வந்து சேரணும்ல, கொழுந்தனார்கிட்ட இதையும் சொல்லுங்க அக்கா.

நம்ம அரசாங்கம் சும்மா கிடக்குன்னும் சொல்ல முடியாது. 2018ல பொதுத்துறைக்குன்னு தனிச் சட்டம், அரசு ஊழியர் டேட்டாவ அனுமதி இல்லாம எடுத்தா 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். ஆனா அது ஊழியர தண்டிக்கும், உங்க கையில வழக்கு போட ஒரு உரிமைய குடுக்காது. வித்தியாசம் பாக்கணும்னா, அதே 2018ல சிங்ஹெல்த் ஆஸ்பத்திரி குழுமத்துல 1.5 மில்லியன் நோயாளிங்க விவரம் திருடு போனப்ப சிங்ஹெல்த்துக்கும் அதோட ஐடி வேலைய பாத்த நிறுவனத்துக்கும் சேத்து ஒரு மில்லியன் வெள்ளி பிடிபிசி அபராதம் போட்டுச்சு. 2024 டிசம்பர்ல கம்பெனிகள பதிவு பண்ற அக்ராவோட வெப்சைட்ல பேரத் தட்டினா அடையாள அட்டை (ஐசி) நம்பர் முழுசா தெரிஞ்சுச்சே, அது அரசாங்க அமைப்பு, பிடிபிஏ தொடாது, விசாரணைக் குழு வந்துச்சு, அமைச்சர்ங்க மன்னிப்பு கேட்டாங்க, ஆனா பிடிபிசி அபராதம்னு ஒன்னும் இல்ல.

போலீஸ்கிட்ட இருக்குற வீடியோ பத்தி அக்கா கேட்டதுக்கு நேரா பதில்: அத அழிங்கன்னு கேக்குற உரிமை அரசியல் சட்டத்துலயும் இல்ல, பிடிபிஏவுலயும் இல்ல. விசாரணை அதிகாரிக்கு மரியாதையா ஒரு ஈமெயில் போடலாம், சைக்கிள் திருடு போன நாளோட பகுதி மட்டும் போதுமே, மீதி எங்க வீட்டு பொம்பளைங்க நடமாட்டம்னு. கேட்டா தப்பில்ல.

---

பொங்கோல்_டாக்சி:

கொசோங் தம்பி, இன்னொரு ஜோடி கண்ணு சமாச்சாரம் சரி, ஒத்துக்கறேன். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த ஜோடி கண்ணு தூங்கிக்கிட்டு இருந்தா? அவசரத்துக்கு அப்பவே எடு, காலையில கணக்கு சொல்லுன்னு இருக்கணும். அப்படி இருந்தா எனக்கு சம்மதம்.

மன்னார்குடி தம்பி, ஜிலேபின்னு கூப்புட்டா திரும்பாத. எனக்கும் இருபது வருஷமா சுகர், மூணு புள்ள பெத்து கட்டிக் குடுத்தாச்சு.

---

துவாஸ்_மன்னார்குடி:

ஹாஹா தாங்க்ஸ் அங்கிள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டேன் அண்ணே, மெசேஜ் போட்டிருக்கேன் பாருங்க.

---

செங்காங்_கோலம்:

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பேரு எழுதுவீங்கன்னு நெனக்கல. கொழுந்தனாருக்கு கொசோங் எழுதின மலேசியா பகுதிய அனுப்பினேன், "அதே வரியா அண்ணி?"ன்னு ரெண்டு தடவ கேட்டுட்டு கப்சிப்.

நானும் இவரும் ஒரு டப்பா அதிரசத்தோட அங்கிள் வீட்டுக்கு போனோம். சண்டை இல்ல. எச்டிபி நிபந்தனைய இவரு போன்ல காட்டினாரு. அங்கிளுக்கு தெரியவே தெரியாது, அவரு பையன் ஆன்லைன்ல வாங்கி மாட்டிட்டு ஆஸ்திரேலியா போயிட்டாராம், அந்த ஆப் அவரு பையன் போன்லயும் ஓடுதாம், அது எனக்கு புது தலைவலி. திருப்பி வைக்கலாம்னா சுவத்துல ஓட்டை போட்ட இடம் அப்படி, திரும்பாது. என் மக செட்டிங்ஸ்ல தேடி மறைக்கற ஆப்ஷன் ஒன்னு கண்டுபிடிச்சா, ஸ்க்ரீன்ல விரலால இழுத்தா அந்த எடத்துல கருப்புக் கட்டம் வந்துடுது, ரெக்கார்டுலயும் கருப்பாதான் வரும். எங்க கதவு, ஜன்னல், ஷூ ரேக் எல்லாம் கட்டத்துக்குள்ள போயிடுச்சு. அங்கிளுக்கு தன் செருப்பு தெரிஞ்சா போதும்.

இவரு இன்னும் பாதுகாப்பு கட்சிதான். திரும்பி வரும்போது காரிடார்ல வச்சே, "நாளைக்கு நம்ம வீட்டுல திருட்டு போனா அந்த கருப்புக் கட்டத்த வச்சு என்ன பண்ணுவ"ன்னாரு. பதில் சொல்லல.

போலீஸுக்கு ஈமெயில் எழுதி வச்சிருக்கேன், டிராப்ட்லயே கிடக்கு, இன்னிக்கு நைட்டு அனுப்பிடறேன்.

அத்தைகிட்ட கட்டத்த காட்டினேன். உத்துப் பாத்துட்டு, "இங்க பாரு, கோலத்தோட ஓரம் வெளிய தெரியுது"ன்னாங்க. நெசம்தான், ஒரு நாலு விரல் அளவு. கட்டத்த பெருசாக்கலாம்மான்னு மக சொன்னா. வேணாம்னுட்டு மறுநாள் காலையில அத்தை ஒரு புள்ளி வரிசைய குறைச்சு கோலத்த கதவுகிட்ட தள்ளி போட்டிருந்தாங்க.